கொகுகிகானில் கடைசி நாள்: 7-7 ஆட்டத்துக்காகவே போகலாம்

டோக்கியோவில் சுமோ என்கிற ஜப்பானிய மல்யுத்தம் பார்க்க எந்த நாளுக்கு டிக்கெட் எடுப்பது என்று கேட்டால் நான் கடைசி நாள் என்றுதான் சொல்வேன். கோப்பை கொடுப்பது அன்றைக்குத்தான், ஆனால் என் காரணம் அது இல்லை. 15 நாள் போட்டியில் 14 நாள் முடிந்து ஏழு வெற்றி, ஏழு தோல்வி என்று நிற்கிற வீரர்கள் அன்றைக்குக் களம் ஏறுவார்கள். ஜெயித்தால் தரவரிசையில் மேலே, தோற்றால் கீழே. சுமோவில் ஆட்டத்தை விற்கிறார்கள் என்ற பேச்சு பெரும்பாலும் இந்த ஆட்டங்களைச் சுற்றித்தான் வந்திருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரியோகோகு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே கொகுகிகான் என்கிற சுமோ அரங்கம், 1985-இல் திறந்தது, சுமார் 11,000 பேர் உட்காரலாம். கீழ்த்தளத்தில் மெத்தை போட்ட சதுரப் பெட்டிகள்: செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், நாலு பேருக்கான பெட்டி ஒரு பக்கம் 1.3 மீட்டர்தான், அதனால் முட்டிவலி உள்ளவர்கள் மாடியில் நாற்காலி எடுப்பது நல்லது. நாங்கள் மாடியில்தான் இருந்தோம், களம் முழுதும் தெரிந்தது. அந்தக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே சுட்டுத் தருகிற யாகிடோரியைக் கட்டாயம் வாங்குங்கள், குச்சியில் கோத்த கோழி, ஆறின பிறகும் அவ்வளவு ருசி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேசிவைத்து ஆடும் ஆட்டத்துக்கு ஜப்பானியப் பெயர் யாவோச்சோ. வீரர்களுக்குள் அதை ‘சூஷா’ என்பார்களாம், ஊசி போடுவது என்று அர்த்தம். நிஜமாக மோதுவது ‘கச்சின்கோ’. ஏன் இப்படி நடக்கிறது என்பது சம்பளத்தைப் பார்த்தால் புரியும். மேல் இரண்டு பிரிவுகளில் இருக்கிற 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம், அதில் கீழ்ப்பிரிவான ஜூரியோவிலேயே மாதம் சுமார் 11 லட்சம் யென். ஒரு படி சறுக்கி அதற்கும் கீழே விழுந்தால் சம்பளமே கிடையாது, மறுபடி பெரியவர்களுக்கு எடுபிடி வேலை. அப்படி இருக்கும்போது ஏற்கெனவே எட்டு ஜெயித்துத் தப்பித்துவிட்ட ஒருவர் ‘இந்தத் தடவை நீ எடுத்துக்கோ, அடுத்த தடவை எனக்கு’ என்று சொன்னால் மறுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? டகன், லெவிட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். கடைசி நாளில் 8-6 வீரரோடு மோதும் 7-7 வீரர், பழைய கணக்குப்படி பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் 80 சதவீதத்துக்குப் பக்கமாக ஜெயித்தார்கள். அதே இரண்டு பேர் அடுத்த முறை மோதும்போது, முன்பு 7-7-இல் இருந்தவர் ஜெயிப்பது 40 சதவீதம் ஆகிவிட்டது.

ஜப்பான் சுமோ சங்கம் பல வருஷமாக இப்படி இல்லவே இல்லை என்றது. சுமோ வீரர்கள் சிக்கிய பேஸ்பால் சூதாட்ட வழக்கில் போலீஸ் எடுத்துப்போன செல்போன்களில் இருந்த மெசேஜ்கள் 2011 பிப்ரவரியில் வெளியே வந்தன, எழுந்து எப்படி மோதுவது, அப்புறம் எப்படி விழுவது என்பது வரை அதில் பேசி வைத்திருந்தார்கள். மார்ச் மாத ஒசாகா போட்டியையே ரத்து செய்தார்கள், 1946-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. 20-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மே மாதம் இதே கொகுகிகானில் கோப்பை இல்லாமல், இலவசமாக உள்ளே விட்டு நடத்தினார்கள். வீரர்கள் உடை மாற்றும் அறைக்குள் செல்போன் கொண்டுபோகவும் தடை வந்தது.

இதெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு 7-7 வீரரும் ஒரு 8-6 வீரரும் ஏறினார்கள். மூன்று விநாடி இருக்கும், 8-6 ஆள் நேராகப் பின்னால் போய் வளையத்துக்கு வெளியே கால் வைத்துத் தோற்றுவிட்டார். அவர் முட்டியில் தடிமனாகக் கட்டு இருந்தது, வலியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் என்னால் கை தட்ட முடியவில்லை. ஒழுங்காக ஆடி ஜெயித்திருந்தால் அந்த மனிதருக்கு நான் செய்தது அநியாயம், அது இன்னமும் உறுத்துகிறது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு 7-7 வீரர்களையே ஒருவரோடு ஒருவர் மோதவிட்டார்கள். விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்குமே வழியில்லை. தலையும் தலையும் இடித்த சத்தம் மாடி வரை கேட்டது. ஒருவர் களத்தின் விளிம்பில், வைக்கோல் மேட்டில் குதிகாலை ஊன்றி, உடம்பு வில்லாக வளைந்து, ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றார், எதிராளியின் இடுப்புத் துணியைப் பிடித்த கையை விடவே இல்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். கறுப்பு உடையில் ஐந்து நடுவர்களும் மேடையேறிப் பேசி முடிவு சொல்லும் வரை மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தோற்றவர் உடம்பெல்லாம் மண்ணோடு போகிற வழியில் நின்று, களத்தைப் பார்த்துத் திரும்பிக் குனிந்துவிட்டுப் போனார். என் டிக்கெட் காசு அந்த ஒரு ஆட்டத்துக்கே சரியாகப் போயிற்று.

ஜனவரி, மே, செப்டம்பர் மூன்று மாதமும் டோக்கியோவில் போட்டி உண்டு. கடைசி நாள் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை திறக்கும் அன்றைக்கே சங்கத்தின் தளத்தில் எடுத்துவிடுங்கள். நான் தாமதித்து ஒரு இடைத்தரகரிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தேன்.