சோப்புஷ் வாட்டில்: கன்றை விடுங்கள், விதையை வாங்குங்கள்

வட ஆஸ்திரேலியாவில் டார்வின் நகருக்கு வெளியே ஹம்ப்டி டூ பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், முழுக்கச் செம்பூராங்கல் சரளை. அதில் எதுவும் பிழைக்கவில்லை என்று நாட்டுச் செடிகள் மட்டும் விற்கும் ஒரு நர்சரிக்குப் போய் இந்த சோப்புஷ் வாட்டிலை வாங்கி வந்தேன். வாட்டில் என்பது ஆஸ்திரேலியாவில் அகேசியாச் செடிகளுக்கு வழங்கும் பேர்; இதன் தாவரவியல் பெயர் அகேசியா ஹோலோசெரிசியா. கிம்பர்லி முதல் குயின்ஸ்லாந்து வரை வட ஆஸ்திரேலியக் காட்டில் தானாக வளரும் புதர். இடுப்பளவு வளர்ந்த தொட்டிக் கன்று ஒன்று 25 டாலர், விதைப் பொட்டலம் 5 டாலர்.

கன்று விஷயத்தில் எனக்குக் கோபம்தான். டிசம்பர் மழையில் நட்டேன், கிடுகிடுவென வளர்ந்தது, அடுத்த மழைக்காலத்தில் அடித்த ஒரு சாதாரணக் காற்றிலேயே சாய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இன்னமும் தொட்டியின் வடிவத்தில் வட்டமாகச் சுருண்டு கிடக்கிறது, ஒரு வேர்கூட ஒழுங்காக வெளியே போகவில்லை. நெடுநாள் தொட்டியிலேயே கிடந்த செடியை விற்றிருக்கிறார்கள். கேட்டதற்கு வேறு கன்று தருவதாகச் சொன்னார்கள், அதுவும் அதே வரிசையில் நின்றது என்பதால் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

விதை அப்படியில்லை. கறுப்பாக, ஒரு நுனியில் மஞ்சள் வாலோடு இருக்கும். பொட்டலத்தில் 'ஊறவைத்து விதைக்கவும்' என்று மட்டும் போட்டிருந்தார்கள், அதை நம்பிப் பாதி விதையை வீணாக்கினேன். தோல் கல் மாதிரி கெட்டி, வெறும் தண்ணீரில் ஊறாது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் விட்டு வடித்து, பிறகு இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் போட்டேன், மீதிப் பாதியில் பெரும்பாலும் முளைத்துவிட்டது. காட்டில் இந்த வேலையைத் தீ செய்கிறது: தாய்ச்செடி எரிந்து செத்துப்போகும், மண்ணுக்குள் கிடக்கும் விதையின் தோல் அந்தச் சூட்டில் விட்டுக்கொடுக்கும், அப்புறம் மழை வந்ததும் கூட்டமாக முளைக்கும். இதை ஒரு வரியாகப் பொட்டலத்தில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

முளைத்த பிறகு வேறு செடி வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். முதல் இலைகள் தொட்டாச்சிணுங்கி மாதிரி சிறுசிறு இலைகளாக வரும், அதற்கப்புறம் காம்பு தட்டையாக அகன்று, சிற்றிலைகள் குறைந்து, கடைசியில் காம்பே இலையாகிவிடும். நாம் இலை என்று பார்ப்பது முழுக்கக் காம்புதான். அதன் மேல் வெள்ளிப் பட்டு போன்ற மென்மயிர், காலை வெயிலில் செடியே மின்னுகிறது. ஹோலோசெரிசியா என்றாலும் 'முழுக்கப் பட்டு' என்றுதான் பொருள். இதற்காகவே வாங்கலாம் என்பேன்.

எரு அள்ளிப் போடாதீர்கள். வேர்முடிச்சில் தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வறட்சிக் காலத்தில், ஜூன் வாக்கில், விரல் நீள மஞ்சள் கதிர்களாகப் பூத்தது, பிறகு காய்கள் சுருள் சுருளாகத் திரண்டன. பச்சைக் காயைத் தண்ணீரில் கசக்கினால் நுரை வருகிறது. பழங்குடி மக்கள் இதைச் சோப்பாகப் பயன்படுத்தியதால்தான் இந்தப் பெயர். முதல் தடவை கை கழுவியபோது எனக்கு நேராக ஞாபகம் வந்தது சீகைக்காய்; அதையும் நெடுங்காலம் அகேசியா என்ற பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள், நீலகிரியில் வாட்டில் மரத்துக்கே சீகை என்று பேர்.

விதையை வறுத்துத் தின்னலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆப்பிரிக்காவில் நைஜரில் உணவாகப் பயிரிட்டுப் பார்த்தது அகேசியா கோலி என்ற வேறு இனம். 1992-இல் தனி இனமாக விவரிக்கும் வரை அதையும் ஹோலோசெரிசியா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் பழைய குறிப்புகளை நம்பி இதன் விதையை வாயில் போடாதீர்கள், நான் போடவில்லை.

இருபது வருட நிழல் வேண்டும் என்றால் இது உங்களுக்கான செடி இல்லை, பத்து வருடம் வாக்கில் ஓய்ந்துவிடும் இனம். தீ எளிதாகப் பிடிக்கும் ஊர் என்பதால் வீட்டுச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். என் மதிப்பெண்: விதைக்கு ஐந்துக்கு நாலு, தொட்டிக் கன்றுக்கு ஐந்துக்கு ஒன்று. இந்த வருடம் என் செடியிலேயே ஒரு டப்பா விதை சேர்த்துவிட்டேன், முதல் மழை விழுந்ததும் வேலியோரம் முழுக்க அதைத்தான் போடப்போகிறேன்.