மூட்டுத் தேய்மானம்: கும்பகோணத்தில் பார்த்த சிகிச்சை

பாட்டி, அம்மா, சித்தி என எங்கள் குடும்பத்தில் மூவருக்கும் ஐம்பது வயதை ஒட்டியே முழங்கால் தேய்மானம் தொடங்கிவிட்டதால், சிங்கப்பூரிலிருந்து கும்பகோணம் சென்ற இந்த விடுமுறையில் அம்மாவின் காலைக் காட்டுவதோடு, எனக்கும் அது வருமா என்று கேட்டறிய விரும்பினேன்.

தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில், முழு உடல் பரிசோதனையோடு மரபணுப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முடிவு வந்தபின் யார் விளக்குவார்கள் என்று கேட்டேன். அதற்கு மருத்துவர் எவரும் இல்லை. இவ்வாறு விற்பது சரியன்று. மூட்டுத் தேய்மானத்தில் மரபின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஆனால் அது ஒற்றை மரபணுவின் வேலையன்று, ஜிடிஎஃப்5 உட்படப் பல மரபணுக்களில் உள்ள சிறு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்து விளைவிப்பது. மூன்று பேரின் முழங்கால்களே எனக்குப் போதுமான எச்சரிக்கை.

அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம், ஓ.பி. சீட்டு வாங்கி, எக்ஸ்ரே எடுத்து, எலும்பு மருத்துவரைப் பார்ப்பதற்குள் மதியமாகிவிட்டது. அதன்பின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கிடைத்த கவனிப்புக்கு எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். அங்கிருந்த பெண் ஒரு துண்டைச் சுருட்டி அம்மாவின் முழங்காலுக்கு அடியில் வைத்து, "அம்மா, துண்டைக் கீழே அழுத்துங்க, அஞ்சு எண்ணுற வரைக்கும் விடாதீங்க" என்றார். தொடையின் முன்தசை இறுகுகிறதா என்று தம் கையை வைத்துப் பார்த்து, இறுகாதபோது மறுபடி செய்யச் சொன்னார். அந்தத் தசை வலுவாக இருந்தால் நடக்கும்போது மூட்டுக்கு நல்ல தாங்கல் கிடைக்கும் என்றும், வலிக்குப் பயந்து நடையை நிறுத்திவிடக் கூடாது என்றும் விளக்கினார். தரையில் சம்மணமிடுவதையும் குந்தி உட்காருவதையும் குறைக்கச் சொன்னார்.

என்னிடம் அவர் பேசியது எடையைப் பற்றித்தான். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வில், சுமார் 5 கிலோ எடை குறைத்த பெண்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று நானும் படித்திருக்கிறேன். மரபை மாற்ற முடியாத எங்களைப் போன்ற குடும்பத்தாருக்கு இது பெரிய ஆறுதல்.

எழுந்து வர முடியாத முதியவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஊரில் பெற்றோரை விட்டு வந்திருப்போர், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பதிந்து வைக்கலாம்.