ஆன்லைன் கிட்டார் கோர்ஸில் சேருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆறு மாத ஆன்லைன் கிட்டார் கோர்ஸ் ஒன்றில் 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் ஆள் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் பெயரை விட, நடந்த விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

ஞாயிற்றுக்கிழமை 99 ரூபாய் அறிமுக வகுப்பில்தான் ஆரம்பித்தது. கடைசி இருபது நிமிடம் திரையின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது, கீழே ‘இன்னும் 7 இடங்கள்தான்’ என்று எழுதியிருந்தது. இரண்டு மாதம் கழித்து என் தோழி அதே வகுப்பைப் பார்த்தபோதும் 7 இடங்கள்தான். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பது நுகர்வோரை ஏமாற்றும் உத்தி என்று மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

ஆனால் என்னைச் சேர வைத்தது அந்தக் கடிகாரம் இல்லை. வாரம் ஒரு பயிற்சி வீடியோ அனுப்பினால் ஆசிரியர் தனித்தனியாகப் பார்த்துத் திருத்துவார் என்றார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் சொல்லிக்கொடுக்க எங்கள் பக்கம் யாரும் இல்லை. அதனால் அந்த வார்த்தையை நம்பினேன்.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பேர். முதல் மாதம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தாளத்துக்கு டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒவ்வொரு தந்தியிலும் நான்கு விரலையும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வைக்கும் பயிற்சி. அப்புறம் ஒரு நிமிடத்தில் சி கார்டிலிருந்து ஜி கார்டுக்கு எத்தனை தடவை மாற முடிகிறது என்று எண்ணுவது (கார்டு என்றால் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்படி விரல்களை வைக்கும் பிடி). ராத்திரி பத்து மணிக்கு மேல் ‘இன்னைக்கு 22’, ‘எனக்கு 31’ என்று எண்கள் வரும். தென்காசியிலிருந்து ஒரு அக்கா குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் இருக்கத் தந்திகளுக்கு அடியில் துணியைச் செருகி வாசித்து அனுப்புவார். அதைப் பார்த்த பிறகு வாசிக்காமல் படுக்க மனசு வராது.

நான் அனுப்பிய எல்லா வீடியோவுக்கும் ஆசிரியரிடமிருந்து ஒரே மாதிரிதான் பதில் வந்தது: ‘அருமை, இதே வேகத்தில் தொடருங்கள்.’ ஏழாவது வாரம் இடது கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கியது. எழுதிக் கேட்டேன். புதிதாகக் கற்பவர்களுக்கு இது சகஜம், விடாமல் பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். விரல் நுனி எரிவதுதான் சகஜம், பழகினால் தோல் தடித்துவிடும். மணிக்கட்டும் கட்டைவிரல் அடியும் வலித்தால் கை வைத்திருக்கும் முறை தவறாக இருக்கலாம், உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் ஆசிரியர் வேண்டும்.

ஒன்பதாவது வாரம் அவசரத்தில் எட்டாவது வார வீடியோவையே மறுபடி அனுப்பிவிட்டேன். ‘போன வாரத்தை விட நல்ல முன்னேற்றம்’ என்று பதில் வந்தது. அதைப் படித்ததும் வயிறு கலங்கியது. தென்காசி அக்காவிடம் சொன்னேன். அவர் ஐந்தாவது தந்தியை வேண்டுமென்றே சுருதி இறக்கிவிட்டு வாசித்து அனுப்பினார். அவருக்கும் ‘அருமை’ வந்தது. ஒருவரும் எங்கள் வீடியோக்களைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் என் கையைத் திருத்தியது குரூப்பில் இருந்த ஒரு தூத்துக்குடி அண்ணன். பல வருஷமாக சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர், கிட்டாருக்குப் புதியவர். என் வீடியோவை நிறுத்தி, மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். “பாரும்மா, கை இவ்ளோ மடங்குது. கட்டைவிரலை நெக்குக்குப் பின்னாடி நடுவுல வை, முழங்கையைக் கொஞ்சம் முன்னாடி கொண்டுவா.” நெக் என்றால் தந்திகளை அழுத்தும் நீளமான கழுத்துப் பகுதி. இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது.

கிட்டாரைக் கடைக்கு எடுத்துப் போகச் சொன்னதும் அவர்தான். கோர்ஸோடு சேர்த்து 6,500 ரூபாய்க்கு அவர்களே அனுப்பிய கிட்டார் அது. நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கடைக்காரர் ஸ்கேல் வைத்துக் காட்டினார்: 4 மில்லிமீட்டர். இரண்டு, இரண்டரை இருந்தால் போதும். நெக்குக்குள் இருக்கும் கம்பியைத் திருகி, தந்திகளைத் தாங்கும் சாடில் என்ற சிறு துண்டைத் தேய்த்து இறக்கிக் கொடுத்தார். 400 ரூபாய். எஃப் கார்டு பிடிக்க என் விரலுக்குத் தெம்பு இல்லை என்று மூன்று மாதம் அழாத குறையாக இருந்தேன். தந்தி உயரமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. சேரும்போது ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லி என்னிடம் ஓடிபி வாங்கியிருந்தார்கள். அது தவணை இல்லை, கடன். ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் எடுத்து, முழுத் தொகையையும் கோர்ஸ் கம்பெனி முதல் நாளே வாங்கிவிட்டது. வகுப்பை விட்டாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் கெடும். தயவுசெய்து ஓடிபி சொல்வதற்கு முன் கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள், கடன் விவரத் தாளை வாங்கிப் படியுங்கள். டிஜிட்டல் கடனிலிருந்து ஆரம்ப நாட்களில் அபராதம் இல்லாமல் விலக ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. எத்தனை நாள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். எனக்குத் தெரிந்தபோது அந்த நாட்கள் முடிந்திருந்தன.

இதற்கிடையே என் சித்தி பெண் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினாள். அதில் வாசிப்பது நான். ஏழாவது வாரம் குரூப்பில் போட்ட வீடியோ, மேலே ‘நான்கே நாட்களில்!’ என்று எழுத்து. என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கூடக் கற்பவர்களுக்காக வீட்டு நைட்டியில் உட்கார்ந்து எடுத்த வீடியோ அது. பணம் போனதை விட இதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

இதைக் குரூப்பில் கேட்ட பத்தாவது நிமிடம் அட்மின் மட்டுமே பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். மறுநாள் என்னையும் இன்னும் மூன்று பேரையும் நீக்கினார்கள். நல்ல வேளை, முந்தின ராத்திரியே அக்கா சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தார். நீங்கள் இப்படி எங்காவது மாட்டியிருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்: சாட், ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அறிமுக வகுப்பில் சொன்ன வாக்குறுதிகள், எல்லாவற்றையும் கேள்வி கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், தீர்ப்பு சொல்ல அதிகாரம் கிடையாது. கம்பெனி 20 சதவீதம் திருப்பித் தருவதாகச் சொன்னது, நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். நாங்கள் நான்கு பேரும் போட்டிருக்கிறோம். விளம்பரத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

பழைய குரூப்பிலிருந்து பதினேழு பேர் இப்போது தனியாக ஒரு குரூப்பில் இருக்கிறோம். ஞாயிறு சாயங்காலம் வீடியோ காலில் ஒவ்வொருவராக வாசிக்கிறோம், தூத்துக்குடி அண்ணன் கையைப் பார்த்துச் சொல்கிறார். அதே கோர்ஸ் என்று சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.