ஷார்ட்வேவ் சர்க்யூட்டில் ஆப்-ஆம்ப்: புழங்கிப் பார்த்ததில் தெரிந்தவை

ரேடியோ அலைவரிசைக்கு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபையர் சிப்) லாயக்கில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 741-ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அது 1968-ல் வந்த சிப். கெய்ன்-பாண்ட்விட்த் (பெருக்கமும் ஃப்ரீக்வென்ஸியும் சேர்ந்த எல்லை) 1 மெகாஹெர்ட்ஸ் அளவு, ஸ்லூ ரேட் (அவுட்புட் வோல்டேஜ் மாறக்கூடிய உச்ச வேகம்) மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட். அதை 7 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஒன்றும் நடக்காதுதான். அதற்கப்புறம் வந்த வேகமான சிப்புகளின் கதை வேறு. 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பாண்டுக்கு நானே கட்டிய ரிசீவர்களிலும், ஒரு சிக்னல் ஜெனரேட்டரிலும் சில வருஷமாக ஏடி8055, டிஎச்எஸ்3091, என்இ5532 மூன்றையும் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இவை அருமை, அல்லது தலைவலி.

சிப் தேர்ந்தெடுக்கும்போது டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் மெகாஹெர்ட்ஸை நான் இப்போதெல்லாம் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் ஸ்லூ ரேட். 7 மெகாஹெர்ட்ஸில் 1 வோல்ட் உச்சம் உள்ள சைன் அலை வேண்டுமென்றால் மைக்ரோ விநாடிக்கு 44 வோல்ட் தேவை. அதுவும் அலை முக்கோணமாக மாறத் தொடங்கும் விளிம்புதான். சுத்தமாக வர வேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு கையில் இருக்க வேண்டும். ஆடியோ சிப்பான டிஎல்072 இருபதைத் தாண்டாது, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். ஏடி8055-க்கு 1400, டிஎச்எஸ்3091-க்கு 7300.

எனக்கு அதிகம் உதவியது விஎஃப்ஓ (ஃப்ரீக்வென்ஸியை மாற்றக்கூடிய ஆஸிலேட்டர்) பஃபர் வேலையில். காயிலும் கெபாசிட்டரும் வைத்த ஆஸிலேட்டருக்குப் பின்னால் ஒற்றை டிரான்ஸிஸ்டர் ஃபாலோயர் இருந்தால், லோடு மாறும்போது ஃப்ரீக்வென்ஸியும் கொஞ்சம் நகரும். ஏடி8055 வைத்த பிறகு அவுட்புட்டைக் கழற்றினாலும் மாட்டினாலும் கவுண்டரில் எண் அசைவதில்லை. ஒரு விஷயம்: 50 ஓமுக்குப் பொருத்த அவுட்புட்டில் 50 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் வோல்டேஜ் பாதியாகிவிடும். ஆகவே கெய்ன் 2 வைத்தால்தான் போட்டது அப்படியே வெளியே வரும்.

சப்ளை விஷயத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நம் மேஜையில் இருப்பது 13.8 வோல்ட். ஏடி8055 போன்ற வேகமான சிப்புகளுக்கு மொத்தமே 12 வோல்ட்தான் எல்லை. நேராகக் கொடுத்தால் போச்சு. நான் 9 வோல்ட் ரெகுலேட்டர் போட்டு, பாதி வோல்டேஜில் பயாஸ் கொடுத்து ஓட்டுகிறேன். டிஎச்எஸ்3091 மட்டும் பிளஸ் மைனஸ் 15 வரை தாங்கும், அதனால் சிக்னல் ஜெனரேட்டரின் கடைசிக் கட்டத்தில் அதுதான். ஆனால் சும்மா இருக்கும்போதே 9.5 மில்லிஆம்ப் இழுக்கும். 30 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 0.3 வாட். வயிற்றுப் பக்கம் இருக்கும் உலோகப் பட்டையை போர்டில் சோல்டர் செய்யாவிட்டால் விரல் வைக்க முடியாது.

டிஎச்எஸ்3091 கரண்ட் ஃபீட்பேக் வகை. இதில் ஃபீட்பேக் ரெசிஸ்டரை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டேட்டாஷீட் ஒரு கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில் ஒரு மதிப்பைச் சொல்லும், அதை வைத்துக்கொண்டு மற்ற ரெசிஸ்டரை மாற்றித்தான் கெய்ன் வைக்க வேண்டும். ஆடியோ பழக்கத்தில் ஃபீட்பேக்குக்குக் குறுக்கே சின்னக் கெபாசிட்டர் வைத்தால் உடனே ஆஸிலேட் ஆகும். இன்வர்ட்டிங் பின்னுக்கு அடியில் கிரவுண்ட் காப்பரைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிரெட்போர்டு கூடவே கூடாது. ஆஸிலேஷன் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நடந்தால் 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் கோடு சாதுவாகத் தெரியும். சிப் காரணமில்லாமல் சுடுகிறதா, அவுட்புட் டிசி விரலைக் கிட்டே கொண்டுபோனால் நகர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். டைனிஎஸ்ஏ (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்) இருந்தால் இன்னும் சுலபம்.

ரிசீவரின் முன்பக்கத்தில், அதாவது ஆன்டெனாவுக்கு அடுத்து, ஆப்-ஆம்ப் வேண்டாம் என்பது என் முடிவு. 50 ஓம் ரெசிஸ்டரின் சொந்த இரைச்சலே ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.9 நானோவோல்ட்தான். ஏடி8055-ன் இரைச்சல் 6. இன்புட்டை 50 ஓமில் முடித்துக் கணக்குப் போட்டால் நாய்ஸ் ஃபிகர் (சிப் கூட்டும் இரைச்சலின் அளவு) 20 டெசிபலைத் தாண்டுகிறது. 40 மீட்டரில் பெரிய ஆன்டெனா இருந்தால் பாண்டின் இரைச்சலே அதை மூடிவிடும், 10 மீட்டரில் (28 மெகாஹெர்ட்ஸ்) மூடாது. ஓபிஏ847 போல 0.85 நானோவோல்ட் சிப்பும் உண்டு, ஆனால் கெய்ன் 12-க்குக் கீழே அது நிலையாக நிற்காது. இதைவிடப் பெரிய தொல்லை, ஃப்ரீக்வென்ஸி ஏற ஏற லூப் கெய்ன் (ஃபீட்பேக் பிழையைத் திருத்தும் பலம்) குறைந்து டிஸ்டார்ஷன் ஏறுவது. ராத்திரியில் 7.2-க்கு மேல் ஒலிபரப்பு நிலையங்கள் முழங்கும்போது இது நன்றாகவே கேட்கும். அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற இந்திய ஹாமின் பிட்எக்ஸ் டிரான்ஸீவர் டிசைன்கள் இந்த இடத்தில் சாதாரண டிரான்ஸிஸ்டர்களையே நம்புகின்றன. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மிக்ஸரைத் தாண்டிவிட்டால் ஆப்-ஆம்ப் ராஜா. எஃப்எஸ்டி3253 ஸ்விட்ச் வைத்த டெய்லோ டிடெக்டருக்கு (ஸ்விட்ச் செய்தே ரேடியோ சிக்னலை ஆடியோவாக்கும் மிக்ஸர்) பின்னால் வருவது ஆடியோதான். ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகிய ஐ, க்யூ சிக்னல்களில் ஐ-க்கு ஒன்று, க்யூ-வுக்கு ஒன்று என்று ஒரே என்இ5532-ன் இரண்டு பாதிகளும் போதும். 10 மெகாஹெர்ட்ஸ் பழைய சிப்தான், இதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை.

144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நான் இவற்றைக் கொண்டுபோவதில்லை. அங்கே இரண்டு பக்கமும் 50 ஓம் பார்க்கும் எம்எம்ஐசி (மைக்ரோவேவ் ஆம்ப்ளிஃபையர் சிப்) ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆன்லைன் கடை ஒன்றிலிருந்து வந்த ஏடி8055-ல் சில, மேலே அச்சு சரியாக இருந்தும் உள்ளே வேறு ஏதோ. இப்போதெல்லாம் வந்தவுடன் ஒன்றை எடுத்துச் சதுர அலை கொடுத்து, விளிம்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஸ்கோப்பில் பார்த்துவிடுகிறேன். போலி என்றால் அது சாவகாசமாகச் சாய்ந்து ஏறும்.