ஸ்லீப், கெடு, சுழல்: நிரலைச் சரியான நேரத்தில் எழுப்புவது எது?

விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்ய ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். பதிவு செய், ஒரு விநாடி தூங்கு, மறுபடி எழுந்திரு, அவ்வளவுதான். ஒரு முழு நாள் ஓடவிட்டு வரிகளை எண்ணினால், 86,400 இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 260 குறைந்தது. ஒரு பதிவுக்கு ஆகும் வேலை வெறும் 3 மில்லி விநாடிதான். அது சுற்றுக்குச் சுற்று சேர்ந்து நாலு நிமிடத்துக்கு மேல் தின்றுவிட்டது.

இதை அளக்கப் போனபோது முதலில் வந்த கேள்வி, எந்தக் கடிகாரத்தை வைத்து அளப்பது என்பது. தேதியும் மணியும் சொல்லும் சாதாரணக் கடிகாரம் இதற்கு ஆகாது. நெட்வொர்க் வழியாகக் கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அதைத் திருத்தும்போது அது பின்னாலும் போகலாம், அப்போது நீங்கள் அளந்த இடைவெளி மைனஸில் வரும். கணினியில் இன்னொன்றும் உண்டு, மோனோடோனிக் கடிகாரம். அது ஒருபோதும் பின்னால் போகாது. லினக்ஸில் அதன் வேகத்தை மட்டும் என்டிபி லேசாகக் கூட்டிக் குறைக்கும். அந்தக் கை கூடப் படாதது மோனோடோனிக் ரா. கணினியின் குவார்ட்ஸ் படிகம் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க அதுதான் சரி, ஆனால் ஒப்பிட வெளியே ஒரு என்டிபி சர்வர் வேண்டும். தன் பிழையைத் தானே அளக்க எந்தக் கடிகாரத்தாலும் முடியாது. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) விலகல் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 1.7 விநாடி.

அப்புறம் தூக்கம். நிரலைத் தூங்கவைக்கும் ஸ்லீப் கட்டளை தரும் வாக்குறுதி ‘இவ்வளவு நேரத்துக்கு முன் எழுப்ப மாட்டேன்’ என்பதுதான். எப்போது எழுப்பும் என்பது இயங்குதளத்தின் மையமான கர்னலின் விருப்பம். லினக்ஸில் சாதாரண நிரல்களுக்கு இயல்பாக 50 மைக்ரோ விநாடி தளர்வு (அவ்வளவு தாமதமாக எழுப்ப அனுமதி) உண்டு, அதனால் 1 மில்லி விநாடி கேட்டால் 1.05-க்கு மேல் கிடைக்கும். விண்டோஸில் நிலைமை வேறு. அதன் இயல்பான டிக், அதாவது டைமரின் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, 15.6 மில்லி விநாடி. 1 மில்லி விநாடித் தூக்கத்தை ஆயிரம் முறை சுற்றவிட்டால் ஒரு விநாடியில் முடிய வேண்டியது 15 விநாடிக்கு மேல் இழுக்கும். இன்னொரு சிக்கலும் இருந்தது. வேறு ஏதாவது ஒரு நிரல் டைமரை 1 மில்லி விநாடிக்கு மாற்றச் சொன்னால் எல்லா நிரல்களுக்கும் சேர்த்தே மாறும். விண்டோஸ் 10-ன் 2004 பதிப்பில்தான் இது மாறியது. அதற்கு முன் எடுத்த அளவீடுகளைப் பார்த்தால், பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

சுழல் முறை எளிது. தூங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே லூப்பில் நிற்பது. துல்லியம் மைக்ரோ விநாடிக்குக் கீழே போகும், ஆனால் செயலியின் ஒரு கோர் முழுவதும் வீணாகும். நடுவில் கர்னல் வேறு வேலைக்கு மாற்றிவிட்டால் அந்தத் துல்லியமும் போச்சு. தேவைப்பட்டால் கடைசி 2 மில்லி விநாடிக்கு மட்டும் சுழன்று, மீதிக்குத் தூங்கலாம்.

என் தேர்வு கெடு முறை. ‘இன்னும் ஒரு விநாடி’ என்று கேட்காமல் ‘மோனோடோனிக் கடிகாரத்தில் இத்தனையாவது விநாடிக்கு எழுப்பு’ என்று கேட்பது. ஒருமுறை தாமதமாக எழுந்தாலும் அந்தப் பிழை அடுத்த சுற்றுக்குப் போகாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வேலை ஒரு சுற்றை விட நீண்டுவிட்டால், தவறிய கெடுக்கள் எல்லாம் வரிசையாக உடனுக்குடன் ஓடும். அவற்றைத் தாண்டிப் போக நீங்கள்தான் எழுத வேண்டும்.

முடிவுகளைப் பார்க்கும்போது சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், அதிகபட்சத் தாமதத்தையும் பாருங்கள். கெடு முறைக்கு மாற்றிய பிறகு என் கோப்பில் 86,400 வரிகள் சரியாக இருந்தன, சராசரித் தாமதமும் மிகச் சிறியது. ஆனால் பெரிய தாமதங்கள் எல்லாம் ஒரே சில நிமிடங்களுக்குள் குவிந்து கிடந்தன. அது பேக்கப் ஓடும் நேரம்.