கடோ-கடோ, பெச்செல், கெத்தோப்ராக்: எந்தத் தட்டில் சத்து அதிகம்?

இந்தோனேசியத் தெருக்கடைகளில் கிடைக்கும் இந்த மூன்று உணவுக்கும் உயிர், கடலைச் சாறுதான். ஒரு தட்டுக்கு 40 கிராம் நிலக்கடலை என்று வைத்தால் சுமார் 225 கலோரி, 10 கிராம் புரதம், 20 கிராம் கொழுப்பு. கடலையை எண்ணெயில் பொரித்து அரைத்தால், வெல்லமும் சேர்ந்தால், கணக்கு இன்னும் ஏறும். காய்கறி உணவுதானே என்று சாற்றை அளவில்லாமல் ஊற்றிக்கொள்ளக் கூடாது.

ஜகார்த்தாவின் கெத்தோப்ராக் சத்தில் பின்தங்குகிறது. பொரித்த டோஃபு, அரிசிச் சேமியா, லொந்தோங் என்னும் சோற்றுக் கட்டி, கொஞ்சம் முளைப்பயறு, கீரை இல்லை. மேலே ஊற்றும் இனிப்பு சோயா சாஸில் சர்க்கரை வேறு. நீரிழிவு உள்ளவர்கள் சேமியாவைத் தவிர்த்து டோஃபுவைக் கூட்டச் சொல்வது நல்லது.

புரதம்தான் வேண்டுமென்றால் கடோ-கடோ. முட்டைக்கோஸ், காராமணிக்காயோடு டோஃபு, டெம்பே என்னும் நொதித்த சோயாக் கட்டி, அவித்த முட்டை எல்லாம் சேரும். 50 கிராம் டெம்பேயில் 10 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம்; சாற்றையும் சேர்த்தால் டோஃபு இல்லாமலே 26 கிராம் புரதம். முட்டை வேண்டாம் என்பவர்கள் வைட்டமின் பி12-க்கு டெம்பேயை மட்டும் நம்பக் கூடாது.

அன்றாடம் சாப்பிட எங்கள் தேர்வு கிழக்கு ஜாவாவின் பெச்செல். வள்ளைக்கீரை, முளைப்பயறு, சில இடங்களில் அகத்திப்பூவும் உண்டு. ஃபோலேட் என்னும் பி வைட்டமினும், உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டினும் நிறைந்த தட்டு இது. கரோட்டினை உடல் ஏற்கத் தேவையான கொழுப்பைக் கடலையே தந்துவிடுகிறது. கீரையைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டு உடனே எடுக்க வேண்டும். குழைய வேகவிட்டால் வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் வடிநீரோடு போய்விடும். பரிமாறியபின் எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து கூடுதலாக உடலில் சேரும். புரதம் போதாது என்பது இதன் குறை. இரண்டு துண்டு டெம்பே வைத்தால் தீர்ந்தது. மேலே வைக்கும் பெய்யெக் அரிசிமாவில் பொரித்த வடகம், ஒன்று போதும்.

சுத்த சைவர்களுக்கு ஒன்று: சாற்றில் தெராசி எனும் இறால் விழுது சேர்வதுண்டு, உடன் வைக்கும் அப்பளத்திலும் இறால் இருக்கலாம். கல்லில் அப்போதே அரைத்துத் தரும் கடையில் அரைக்கும் முன்பே சொல்லிவிடலாம். தயாராக வாங்கும் பெச்செல் சாற்றுக் கட்டியில் தெராசியைப் பிரிக்க வழியில்லை. உறையைப் படித்து வாங்குங்கள். சாறு கசந்தால் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையின் அஃப்ளடாக்சின் நச்சு, பொரித்தாலும் முழுதாக அழியாது.