டே கேர் சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட்டைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு டே கேரில் 43,500 ரூபாய் கட்டிச் சேர்த்த என் மகளை ஐந்தே வாரத்தில் வெளியே எடுத்துவிட்டேன். பணம் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய நிலைமையில் நாங்கள் இல்லை, ஆனாலும் பணத்தைவிட அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளைக் கையில் வாங்கியபோது இருந்த சூடுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வழக்கு நடப்பதால் இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாமலே சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

எனக்கு வேலை பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீசில். வீட்டுக்காரருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. குழந்தையை அத்தைதான் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு முட்டி ஆபரேஷன் என்றானதும் வேறு வழியில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் பேறுகாலப் பயன்கள் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் எங்கள் ஆபீசில் இருப்பது பதினெட்டுப் பேர். பக்கத்துத் தெருவில் அங்கன்வாடி இருக்கிறது, நல்ல டீச்சர், ஆனால் நான் வீடு திரும்பும் நேரம் வரை அது இருக்காது. அதனால் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், கலர் கலராகக் கார்ட்டூன் வரைந்த சுவரோடு, வெளியே 'ப்ளே ஸ்கூல் அண்ட் டே கேர், அரசு பதிவு பெற்றது' என்று போர்டு வைத்த அந்த வீட்டுக்குள் போனோம்.

அந்த 'அரசு பதிவு' என்ன என்று நான் கேட்கவே இல்லை. ரிசப்ஷன் சுவரில் மூன்று சர்டிபிகேட் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது, ஒன்றில் அசோகச் சின்னம் இருந்தது, அதைப் பார்த்ததும் சரி, பர்மிஷன் வாங்கித்தான் நடத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பிரச்சினை வந்த பிறகுதான் பக்கத்தில் போய் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். சின்னம் இருந்தது உத்யம் பதிவு. சிறு தொழில் நடத்தும் யார் வேண்டுமானாலும் ஆதார், பான் வைத்து ஆன்லைனில், காசே கட்டாமல், தாங்களே விவரம் சொல்லி வாங்கிக்கொள்ளும் சான்று அது. குழந்தைகளை வைத்துக்கொள்ள அந்தக் கட்டடம் தகுதியா என்று யாரும் வந்து பார்த்துக் கொடுப்பதில்லை. இரண்டாவது மாநகராட்சியின் தொழில் உரிமம். மூன்றாவது பிரான்சைஸ் கொடுத்த கம்பெனி தானே அச்சடித்துக் கொடுத்தது. குழந்தைகள் சம்பந்தமாக அரசு கொடுத்த ஒரு காகிதமும் அந்தச் சுவரில் இல்லை.

ப்ளே ஸ்கூல் நடத்துவதற்குத் தமிழ்நாட்டில் 2015-லேயே தனி விதிமுறைத் தொகுப்பு வந்துவிட்டது, பள்ளிக் கல்வித் துறையிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். பள்ளி என்று நடத்துகிற கட்டடத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் கொடுக்கும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என்று நான்கு காகிதம் உண்டு. இது எதையும் நான் கேட்கவில்லை, பேங்கில் லோன் வாங்கப் போனால் பத்துக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நான்.

அப்புறம் அந்த ஹேண்ட்புக். பதினான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ், பணம் கட்டிய பிறகுதான் கையில் கொடுத்தார்கள், கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து. அட்மிஷன் 20,000, புத்தகம் யூனிபார்ம் என்று 2,500, மூன்று மாத பீஸ் முன்பணம் 21,000. எல்லாம் உரிமையாளரின் சொந்த நம்பருக்கு ஜிபே. பில் கேட்டதற்கு, "உங்க போன்லயே ரெக்கார்டு இருக்கே மேடம், பில் அப்புறம் தர்றோம்" என்றார்கள். இன்றுவரை தரவில்லை.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் எழுதியிருந்தது. நான்காம் பக்கத்தில் எட்டுக் குழந்தைக்கு ஒரு ஆள் என்று போட்டிருந்தது. ஆறாம் பக்கத்தில், குழந்தைக்கு ஜுரம் 100 டிகிரியைத் தாண்டினால் 15 நிமிடத்துக்குள் பெற்றோருக்குப் போன் செய்வோம், தனியாகப் படுக்க வைத்து ஒரு ஆள் கூடவே இருப்பார் என்று இருந்தது. இதைப் படித்துவிட்டுத்தான் அத்தையிடம், "பார்த்தீங்களா அத்தை, எல்லாம் எழுத்துலயே இருக்கு" என்று தைரியம் சொன்னேன்.

அந்த புக்கில் எங்களுக்குப் போட்ட விதி எல்லாம் முதல் வாரத்திலிருந்தே நடந்தது. ஒரு நாள் மழையில் மெட்ரோவிலிருந்து இறங்கி ரோட்டில் முழங்கால் தண்ணீரில் நடந்து வர இருபது நிமிடம் லேட், ராத்திரி ஒன்பதுக்குள் 200 ரூபாய் லேட் பீஸ் என்று வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. சளி என்று இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொண்டேன், விதிப்படி பீஸ் குறையாது என்றார்கள். அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதிக்கு மட்டும் அங்கே கேட்பார் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள், இட்லி சாப்பிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனேன். மற்ற நாள் கேட் வரைக்கும் ஓடி வருவாள், அன்றைக்கு ஆயாம்மா தோளில் போட்டுத் தூக்கி வந்தார். வாங்கினேன், உடம்பு தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஆயாம்மா குரலைத் தாழ்த்தி, "மதியத்துலருந்தே கொயந்த அனலா கொதிக்குதும்மா, மேடத்தாண்ட சொன்னேன், சாய்ங்காலம் அவங்க அம்மா வந்துடுவாங்க, வுடுன்னுட்டாங்க" என்றார். அந்த அம்மாள் அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

பையை எடுக்கிறேன் என்று நானே மாடி ஏறினேன். சேர்க்கும்போது கீழே இருக்கிற விளையாட்டு அறையைத்தான் காட்டியிருந்தார்கள், பிள்ளைகளை வைத்திருந்தது முதல் மாடியில் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஏசிக்காக ஜன்னல் எல்லாம் மூடிய ஒரே அறை, அந்த நேரத்தில் பதினேழு குழந்தைகள், தவழ்கிற குழந்தையும் அதில் உண்டு. டீச்சர் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாராம், அப்புறம் இந்த ஆயாம்மா ஒருவர்தான். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு இறங்கினால் எதிரே வருகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகலான ஒரே படிக்கட்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது, அந்தப் படிக்கட்டில் நின்றபோது எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

டாக்டரிடம் 103 காட்டியது. காலையில் நான் போட்டுவிட்ட டயபரே இருந்தது, தொடை எல்லாம் சிவந்து போயிருந்தது. ஐந்து வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு ஜுரம் ஏறினால் வலிப்பு வரலாம், மாடியில் ஒரே ஆள் இருக்கும்போது அப்படி வந்திருந்தால் என்னம்மா பண்ணியிருப்பார்கள் என்று டாக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் உரிமையாளரிடம் போனோம். "குழந்தைன்னா ஜுரம் வரத்தான் செய்யும், எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பில்லன்னு சைன் பண்ணியிருக்கீங்களே" என்று கடைசிப் பக்கத்தைக் காட்டினார். நான் ஆறாம் பக்கத்தைக் காட்டினேன். "அது பொதுவா போட்டது மேடம், உங்க பாப்பாவுக்கு நாங்க பார்த்தப்ப 99 தான்" என்றார். எப்போது பார்த்தீர்கள், எதில் எழுதினீர்கள் என்றால் ரெஜிஸ்டர் கிடையாது. கேமரா பதிவைக் கேட்டால், மற்ற பிள்ளைகளின் பிரைவசி என்றார். அங்கீகாரம் எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டதும்தான் பேச்சே மாறியது: "சார், நாங்க டே கேர், எங்களுக்கு ஸ்கூல் ரூல்ஸ் வராது."

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பீஸ் வாங்கும்போது ப்ளே ஸ்கூல், சிலபஸ், யூனிபார்ம், ஆண்டு விழா. கேள்வி வரும்போது மட்டும் வெறும் டே கேர். சரி, டே கேர் என்றே வைத்துக்கொண்டாலும் அளவுகோல் இல்லாமல் இல்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதலில் மூன்று வயசு முடியாத பிள்ளையை ப்ளே ஸ்கூலில் சேர்க்கக் கூடாது, 20 பிள்ளைக்கு ஒரு டீச்சரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்று இருக்கிறது. வேலை இடத்துக் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018-ல் போட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதலில் மூன்று வயசுக்குக் கீழே என்றால் 10 குழந்தைக்கு ஒரு ஆள். என் மகளுக்கு இரண்டே கால் வயசு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் பதினேழு பிள்ளைக்கு ஒரு ஆயாம்மா ஒத்துவராது, அவர்கள் புக்கில் அவர்களே எழுதிய எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு இருக்கவே இருக்கிறது. டெக்சாஸில் இருக்கிற என் அக்காவிடம் சொன்னபோது, அங்கே இரண்டு வயசுப் பிள்ளைகள் என்றால் ஒரு ஆளுக்கு 11 பேர்தான், லைசென்ஸ் இருக்கிறதா, இன்ஸ்பெக்ஷனில் என்ன தப்பு கண்டுபிடித்தார்கள் என்பதை மாநில அரசின் இணையதளத்திலேயே சேர்ப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இங்கே நாம்தான் நேரில் கேட்க வேண்டியிருக்கிறது. வாயால் கேட்டால் 'அப்ளை பண்ணியிருக்கோம்' என்பார்கள், அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள், எந்தத் தேதி வரைக்கும் என்று அதில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு (ஆர்டிஐ) போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். நான் போட்டேன், அந்தப் பெயரில் அங்கீகாரம் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது.

பணம் திருப்பித் தர முடியாது என்று ஒரே பிடிவாதமாக நின்றார்கள். வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்கிய பணத்துக்கு ரசீது தராததும், குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கெடு எதுவும் போடாதபோது, 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே அலட்சியத்துக்குத் தப்பிவிட முடியாது என்றும் சொன்னார். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், பிறகு நோட்டீஸ் அனுப்பினோம். நோட்டீஸ் போன பத்தாம் நாள் 7,000 ரூபாய் ஜிபேயில் வந்தது, 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்ற மெசேஜோடு. இப்படி வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள், 'ஒரு பகுதியாக மட்டுமே பெற்றுக்கொள்கிறேன், மீதிக்கு உரிமை கோருகிறேன்' என்று உடனே பதில் அனுப்பிவிடுங்கள், நான் அனுப்பினேன். மீதிக்கு வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், லேட் பீஸ் மெசேஜ், டாக்டர் சீட்டு, அந்தப் பதினான்கு பக்கம், எல்லாவற்றையும் நான் தேதியோடு எடுத்து வைத்திருந்தது இப்போது உதவுகிறது. அடித்தார்கள், கட்டிப்போட்டார்கள் என்று ஏதாவது தெரிந்தால் பணக் கணக்கெல்லாம் அப்புறம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது எங்கள் தெருக்கோடியில் ஒரு அக்கா வீட்டில் விடுகிறேன், ஐந்து பிள்ளைகள், தரைத் தளம். "எனக்கு ஸ்கூல் பர்மிஷன்லாம் கிடையாதும்மா, பிள்ளைங்களப் பார்த்துக்குவேன், அவ்ளோதான்" என்று முதலிலேயே சொன்னார். ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன சாப்பிட்டால் ஒத்துக்காது, எந்த டாக்டர், எங்களைத் தவிர யார் வந்தால் குழந்தையைக் கொடுக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டார், அத்தையின் போட்டோவையும் போனில் வாங்கிக்கொண்டார். பதினான்கு பக்க புக் கொடுத்த இடத்தில் இந்தக் கேள்விகளை ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த மாடியில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மூன்று அம்மாக்களிடம் சொன்னேன், இரண்டு பேர் எடுத்துவிட்டார்கள், ஒருவர் மூன்று மாதப் பணம் கட்டியாகிவிட்டதே என்று யோசிக்கிறார். உங்கள் பிள்ளை எந்த டே கேரில் இருந்தாலும் சரி, ஒரு நாள் ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு, சொல்லாமல், மதியம் மூன்று மணிக்கு மேல் போய் மாடி ஏறிப் பாருங்கள்.